முள் தைக்காத டயர்

"குமிழியே வரலம்மா. டியூப்ல ஓட்டை இல்ல" என்றார் சைக்கிள் கடைக்காரர், தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை இன்னொரு முறை அமுக்கிச் சுற்றிக்கொண்டே.

"அப்போ காத்து எப்படிண்ணே இறங்குது?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. மாலையில் கல் மாதிரி நிற்கும் பின் சக்கரம் காலையில் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடக்கிறது. முன் சக்கரத்துக்கு ஒன்றுமே ஆவதில்லை. வால்வையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் கதவைத் திறப்பவளும் அவள்தான். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு வரும் கோபம் சாப்பிட்டவர்களுக்கு வராது. போன வாரம் ஒருவர், ஊசியைக் கொடுங்கள், என் ரத்தத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார். இன்னொரு நாள் தாமதமானால் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத முள்ளாக இருக்கும் என்று தீர்மானித்த கடைக்காரர், குறுக்கே அறுத்த டயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ரோட்டில் படும் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூல் பின்னலுக்கும் நடுவே மெத்தை போல இன்னொரு ரப்பர். மேல்தோலைத் துளைக்கும் முள், இந்த மெத்தைக்குள் வந்ததும் மூச்சு முட்டி நின்றுவிடுமாம். டியூப் வரை எட்டாது.

"ஆணின்னா?"

"சின்ன ஆணின்னா நின்னுரும். பெரிய ஆணின்னா, அது உங்க தலையெழுத்து."

வாங்கிவிட்டாள்.

வீட்டில் இடம் குறைவு. முன் சக்கரத்தைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகினால்தான் சைக்கிள் நிற்கும். மாமனார் வந்து புது டயரைத் தடவிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பாய்லர் ஆபரேட்டர் அவர். ஒரு தொழிற்சாலையின் நீராவி முழுவதையும் கட்டி மேய்த்தவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அவர் எதையும் எழுதித்தான் யாரும் பார்த்ததில்லை.

"நீ நிம்மதியாத் தூங்கும்மா. நான் ஒரு கண்ணு வச்சுக்கிறேன்" என்றார்.

காலையில் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

"இது நிக்காதுன்னு எனக்கு ராத்திரியே தெரியும்மா" என்று வருத்தப்பட்டார் மாமனார்.

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் மயிரிழையில் தப்பினாள். அடுத்து, அடர்த்தியான நைலான் பின்னல் போட்ட டயர். கத்தியே இறங்காது என்று சத்தியம் செய்தார் கடைக்காரர். கத்தி இறங்கவில்லை, காற்று இறங்கிவிட்டது. சைக்கிளை விற்றுவிட்டு டயர் கடை வைத்துவிடலாமா என்று கேட்டான் கணவன்.

கடைக்காரருக்கு இப்போது இது மானப் பிரச்சினை. பரணிலிருந்து கனமான ஒன்றை இறக்கினார். ஸ்பாஞ்சை இறுக்கிச் செய்தது போல உள்ளே முழுக்க ரப்பர். டியூப் கிடையாது, வால்வு கிடையாது.

"இதுல காத்தே இல்ல. இல்லாத காத்து எப்படி இறங்குதுன்னு பார்க்கிறேன். கொஞ்சம் குலுக்கும், அவ்வளவுதான்."

அந்த வாரம் முழுக்க அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணிச் சொல்லும் அளவுக்குக் குலுக்கியது. போய் இறங்கிய பிறகும் ஊசி பிடிக்கும் கை ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த வரிசைக்காரர்கள் திடீரென்று பெருந்தன்மையோடு, நீங்க முதல்ல போங்க, பரவாயில்ல நீங்க போங்க என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை, மாமனார் பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து அதை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். கையில் பேனா.

"என்ன மாமா தேடுறீங்க?"

"வால்வைக் காணோமேம்மா. ஒரு வாரமாத் தேடுறேன். இதை எங்க வச்சுப் பார்க்கிறது?"

அவள் குனிந்து பார்த்தாள். அது பேனா இல்லை. டயரின் காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர்.

"பாய்லர்ல மணிக்கொரு தடவை பிரஷர் பார்த்த கை இது. சும்மா இருக்குமா? ராத்திரி முழிப்பு வந்தப்பல்லாம் வந்து, புஸ்ஸுன்னு ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துட்டுப் போவேன். முன் சக்கரம்தான் கைக்கு எட்டல."

"மாமா, அந்தப் புஸ்ஸு டயர்லேர்ந்து வர்ற காத்துதானே?"

மாமனார் மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார்.

"பாய்லர்ல எத்தனை தடவை பார்த்தாலும் குறையாது. இதுல பார்க்கப் பார்க்கக் குறைஞ்சுகிட்டே இருந்துச்சும்மா. அதனாலதான் அடிக்கடி பார்க்க வேண்டியதாப் போச்சு."

அன்று மாலையே அவள் காற்றடைக்கும் டயரைத் திரும்ப மாட்டினாள். பேனா மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, மீட்டர் பொருத்திய கைப்பம்பு ஒன்றை மாமனாரிடம் கொடுத்தாள். இனி அவர் பிரஷர் பார்க்க வேண்டுமென்றால் காற்றடித்துத்தான் பார்க்க வேண்டும்.