இடது கட்டைவிரல்

வந்தவர் கையில் மைப்பெட்டி இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் மோட்டார் பட்டறை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "காப்பார்லேருந்து வந்த சடையன்னு ஒரு ஆளு இங்க வேலை செய்றாரா?" என்று கேட்டார்.

பின்கட்டில் ஒரு பழைய காரின் மட்கார்டில் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்த இராமலிங்கத்தின் கை அப்படியே நின்றது. ஏழு வருஷமாக யாரும் கூப்பிடாத பெயர் அது. அவனுடைய சொந்தப் பெயர்.

காப்பார் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் துடித்த அவன் மனைவியை, 'நடிக்கிறாள்' என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுத்தான் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி. அவள் செத்த அன்றைக்கே சடையன் கிராணியின் மண்டையை விறகுக்கட்டையால் பிளந்துவிட்டு ஓடிவந்தான். வழியில் கைக்குழந்தை பவுனம்மாளைக் கிள்ளானில் கன்னியாஸ்திரீகளிடம் விட்டவன், போலீசுக்குப் பயந்து அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அதற்காகப் பிள்ளையை மறந்துவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிபட்டும் பிழைத்துக்கொண்ட கிராணி, தைப்பூசம் முடிந்ததும் சொந்த ஊருக்குக் கப்பலேறப் போவதாகக் காதில் விழுந்ததிலிருந்து, இனிப் புகார் சொல்ல ஆளிருக்காது என்று பவுனுவை அழைத்துவர நாள் எண்ணிக்கொண்டிருந்தான். வாடகை அறையில் இன்னொரு சின்னக் கட்டில்கூடப் போட்டாயிற்று.

"சடையன்னு யாரும் இல்லீங்களே," என்றார் பட்டறை முதலாளி வாசு. "காப்பார்லேருந்து வந்தவன்னா, இராமலிங்கம் ஒருத்தன்தான்."

"என் பேரு கொர்னேலியஸ். சடையனோட கைநாட்டு என்கிட்ட இருக்கு. உங்க ஆளோட ரேகைய ஒத்துப் பாக்கணும்."

"என்ன விஷயங்க?"

"அத ரேகை பாத்தப்புறம்தான் சொல்லணும்னு உத்தரவு. அது கிடக்கட்டும், ஆளு எப்படி? குடிப்பாரா?"

"கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டான்."

"ராத்திரி எங்க படுப்பாரு? வீட்டுல பொம்பளைங்க யாராச்சும் உண்டா?"

படுக்கிற இடம் வரைக்கும் துருவுகிறானே பாவி, போலீஸ் ஆள்தான் என்று சடையன் சுற்றுமுற்றும் வழி பார்த்தான். ஓடலாம் என்றால் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ரயில்வே மதில். முன்னால் இருந்த ஒரே வாசலில் கொர்னேலியஸ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்தில் பெயர் பதிந்த அன்று அவனுடைய விரலைப் பிடித்து மையில் உருட்டினது நினைவுக்கு வந்தது. ஆண்களுக்கு இடது கட்டைவிரல்தான். பெயரை மாற்றலாம், மீசையை எடுக்கலாம், விரலை என்ன செய்வது?

காலடியில், காஸ்டிக் சோடா கரைத்த தகர டின் இருந்தது. மூன்று பூச்சுப் பெயிண்டைக்கூட வெண்ணெயாக இளக்கிவிடும் தண்ணீர் அது. அதைத் தொடுகிறவர்கள் கையில் தேங்காயெண்ணெய் பூசிச் சாக்குத்துணி சுற்றிக்கொள்வார்கள். ஒரு சொட்டு தெறித்தாலும் ஓடிப்போய்ப் புளித்தண்ணீர்ச் சட்டியில் கையை முக்குவார்கள்.

சடையன் இடது கைச் சாக்குத்துணியை அவிழ்த்தான். எண்ணெயைத் துடைத்தான். கட்டைவிரலை டின்னுக்குள் விட்டு, 'பவுனு, பவுனு' என்று மனசுக்குள் சொல்லத் தொடங்கினான்.

உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிற மட்டும் பொறுத்து, விரலை வெளியே எடுத்து, தகடு தேய்க்கும் நுரைக்கல்லால் தேய்தேய் என்று தேய்த்தான். தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. தான் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைக்கு யாருமில்லை, விரல் போனால் விரலோடு போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"இராமலிங்கம்! இங்க வாப்பா!"

புளித்தண்ணீரில் கையை முக்கித் துடைத்துக்கொண்டு போனான்.

"ஐயையோ, என்ன தம்பி விரலு இப்படிக் கிடக்கு?" கொர்னேலியஸ் பதறிப்போனார்.

"சோடாத்தண்ணி பட்டிருச்சுங்கய்யா. இந்த வேலையில இது சகஜம்லா."

"ரொம்ப வலிக்குமே. ஆறட்டும்னா எனக்கு நேரமில்ல."

"பரவால்லீங்க, எடுத்துக்குங்க." அவனே விரலை மையில் அழுத்தி, காகிதத்தில் ஊன்றினான். கறுப்பாக ஒரு மைத்திட்டு விழுந்தது. பெயருக்குக்கூட ஒரு கோடு இல்லை.

கொர்னேலியஸ் சட்டைப் பையிலிருந்து தோட்டத்துப் பழைய தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து, பூதக்கண்ணாடியால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சடையன்னு உனக்கு முன்னாடி பேரு இருந்துச்சா தம்பி? மறைக்காம சொல்லு."

"கேள்விப்பட்டதே இல்லீங்கய்யா."

"கல்யாணம், பிள்ளகுட்டி?"

"ஒண்டிக்கட்டைங்க."

"சரி. வீணா உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்." அவர் மைப்பெட்டியை மூடிக் குடையை எடுத்துக்கொண்டார்.

சடையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனிமேல் எந்தப் போலீசும் அவனைத் தேடி வராது, நாளைக்கே கிள்ளானுக்குப் போகலாம். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தச் சடையன் அப்படி என்னதான் தப்பு பண்ணாங்கய்யா?"

"தப்பு ஒண்ணுமில்ல தம்பி. கிள்ளான் மடத்துல அவன் விட்டுட்டுப் போன பொண்ண நாளைக்குப் பினாங்குக்குத் தத்து குடுக்குறாங்க, கைநாட்டு ஒத்துப்போற அப்பன் வந்தாத்தான் நிறுத்துவாங்க."