நிழல் விழும் பக்கம்

மலை என்றது வகுப்பு முழுவதும்.

பிரமிளா எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பெஞ்சுக்கு ஒன்றாகக் கலர் பிரிண்ட் கொடுத்திருந்தாள். குப்பம் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் குவாரி. கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர் போன வாரம் ட்ரோனை நேர் மேலே நிறுத்தி எடுத்துக் கொடுத்த படம்.

பாறை படிப்படியாக ஏறிப் போனது. உச்சியில் நீலமாக ஒரு சதுரம். அதன் மூலையில் கொஞ்சம் மஞ்சள்.

யாரோ மலை மேல டெண்ட்டு போட்டு குந்திக்கினு சோறு துன்றாங்க டீச்சர், என்றான் யஸ்வந்த்.

ஒன்பதாம் வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் தரணி மட்டும் சிரிக்கவில்லை. படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் அண்ணாதுரை சார் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தார். பி.எட். கல்லூரியிலிருந்து வந்திருந்தார். பிரமிளாவுக்கு இது கடைசிப் பயிற்சி வகுப்பு. தவறினால் இன்னும் ஒரு வருடம். சொந்த ஊர் நகரிக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பவர்லூம் ஓடுகிற வீடு. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணாதுரை சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் நடத்துவதை அவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. முடிகிற நேரத்தில் ஒரு பிள்ளையை எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிள்ளை சரியாகச் சொன்னால் டீச்சர் பாஸ்.

பிரமிளா கரும்பலகையில் ஒரு சூரியனை வரைந்தாள்.

மார்கழியில் நமக்கு வெயில் தெற்கிலிருந்து வருகிறது. படத்தின் மேல் பக்கம் வடக்கு. அதனால் நிழலெல்லாம் நம்மை விட்டு மேல் பக்கமாக விழுகிறது. கண்ணுக்கோ வெளிச்சம் மேலேயிருந்து வந்துதான் பழக்கம். அதனால்தான் ஏமாந்துபோகிறது.

நிழல் உங்கள் பக்கம் விழுகிற மாதிரி படத்தைத் திருப்புங்கள் என்றாள்.

தாள்கள் சரசரத்தன.

பிறகு பெஞ்சு பெஞ்சாக அய்யய்யோ என்றார்கள்.

மலை உள்ளே போய்விட்டது. ஏறின படிகளெல்லாம் இப்போது இறங்கின. யஸ்வந்த் விழுந்துவிடுகிறவன் மாதிரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். உச்சியில் இருந்த நீலச் சதுரம் குழியின் அடியாழத்தில் கிடந்தது.

முதல் பெஞ்சில் ரேஷ்மா படத்தைத் திருப்பினாள். தரணி அதை மறுபடியும் பழையபடி வைத்தாள்.

அண்ணாதுரை சார் எழுந்தார். பேனாவை நீட்டித் தரணியைக் காட்டினார்.

பிரமிளாவுக்கு மூச்சு வந்தது. இந்த ஒரு மாதத்தில் வரைபடம் என்றால் தரணிதான். சம உயரக் கோடுகள் மேல் விரலை வைத்து, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுகிற பெண்.

படத்தில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டார்.

"மலை சார்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. குழிடி, குழிடி என்று ரேஷ்மா முழங்கையால் இடித்தாள்.

பிரமிளா பக்கத்தில் போனாள். படத்தைத் தானே திருப்பி வைத்து மறுபடியும் கேட்டாள். தரணி அவளைப் பார்க்காமலே படத்தை மீண்டும் திருப்பினாள். மலை என்றாள்.

நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கேட்டாள் பிரமிளா.

நம்ம பக்கம், என்றாள் தரணி. வெயில் எந்தத் திசை என்றதற்குத் தெற்கு என்றாள். எல்லாம் சரியாகச் சொன்னாள்.

பின்னால் மார்க் ஷீட் புரளும் சத்தம் கேட்டது.

தரணியின் கட்டை விரல் நீலச் சதுரத்தை மூடிக்கொண்டிருந்தது. பிரமிளா குனிந்து அந்த விரலை மெதுவாக விலக்கினாள். பாடம் நடத்துகிற குரலை விட்டுவிட்டு, ஏம்மா என்று கேட்டாள்.

தரணி அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த மஞ்ச ஒட்டு நான் தெச்சது டீச்சர். எங்க நைனா தார்ப்பாய் அது. குவாரில கால் ஒடிஞ்சி எழுந்தப்புறம், இனிமே உள்ள எறங்க மாட்டேன், மேலதான் வேலைன்னு என் தலைல கைய வெச்சி சத்தியம் பண்ணாரு."

சொல்லிவிட்டுக் கட்டை விரலை மறுபடியும் அங்கேயே வைத்தாள்.

அந்தப் பெண் கடைசியாக என்னதான் சொல்கிறாள் என்று அண்ணாதுரை சார் சத்தமாகக் கேட்டார். பேனாவின் மூடி திறந்திருந்தது.

பிரமிளா நிமிர்ந்தாள். படத்தைத் திருப்பவில்லை.

"மலை சார்," என்றாள்.