கோதடியில் ஒரு பச்சைத் துண்டு

நவராத்திரிக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்க் கோதடிகள் எல்லாம் துவைக்கக் கிருஷ்ணை ஆற்றுக்கு வந்துவிடும். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைகள். நனைந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

கல்யாணமாகி வந்த வருஷம் என்னோடு நாத்தனார் வேணு வந்தாள். எங்கள் கோதடி என் கணவரின் முதல் மனைவி தாரா தைத்தது. அவள் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர் தினமும் அதைத்தான் போர்த்திக்கொள்வார். நான் போர்த்தியதில்லை.

"முறுக்காதடி காசி, இது உன் புருஷன் காது இல்ல. நூல் அறுந்துடும்," என்றாள் வேணு.

பாறையில் விரித்தபோது நடுவில் உள்ளங்கை அளவு பச்சைத் துண்டு தெரிந்தது. என் கல்யாணத்துக்குப் புதிதாக எடுத்த புடவையின் துணி.

"நீ தைச்சியா?"

"இல்லக்கா."

வேணு தையலைத் தடவிப் பார்த்தாள். "தாரா இடது கைக்காரி. அவ தையல்தான் இப்படிச் சாயும்."

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். புடவையின் உள்முனையில் அந்த அளவுக்குத் துணி இல்லை. வெட்டிய ஓரம் பிரியாதபடி மடித்து, அதே சாய்ந்த தையலில் தைத்திருந்தது.

அன்று சாயங்காலம் பாறையில் காய்ந்த கோதடியை எடுத்துவந்து முதல் தடவையாகப் போர்த்திக்கொண்டேன். வெயிலின் சூடு இன்னும் அதில் இருந்தது.