கூரை மேல் மாப்பிள்ளை

காரை விட்டு இறங்கியதும் ருக்மிணியின் கண்ணில் பட்டது கூரை மேல் நின்ற அந்தக் கரிய உருவம்தான். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், பெரிய கண்ணாடி, தொளதொளவென்று ஓர் ஓவரால். நீளக் கம்பியின் முனையில் பிரஷ்ஷை மாட்டி, புகைபோக்கிக்குள் விட்டு இடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் பையனை வேண்டாம்னுட்டு உங்க பொண்ணு தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை இவன்தானா?" என்றாள் கணவரிடம்.

வெங்கடாசலம் ஃபோனை எடுத்து முகவரியைச் சரிபார்த்தார். 'ஆதர்ஷை மீட் பண்ணணும்னா சனிக்கிழமை பத்து மணிக்கு இங்க வாங்க' என்று மகள் ரோஷினி முகவரி அனுப்பியிருந்தாள். சொன்ன நேரத்துக்குப் போனால் வீட்டின் லட்சணம் தெரியாது என்று, ருக்மிணிதான் அவரை அரை மணி முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

லட்சணம் நன்றாகவே தெரிந்தது. சக்கரங்களின் மேல் ஒரு மரப்பெட்டி. அதற்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல்.

"ஆலன்ல நம்ம வீட்டு கார் கராஜே இதைவிடப் பெருசு. இதுல விறகு அடுப்பு வேற! ஒரு ஹீட்டர் போட வக்கில்லையா?"

"மெதுவா பேசு. விறகு எரிச்சா புகைபோக்கியில கரி படியும். வருஷா வருஷம் சுரண்டலேன்னா தீப்பிடிச்சிக்கும். பையன் ஒழுங்காத்தான் மெயின்டெய்ன் பண்றான்."

"பண்ணுவான், பண்ணுவான். தாலி கட்டின மறுநாள் அந்தப் பிரஷ்ஷை என் பொண்ணு கையில கொடுப்பான். ரிச்சர்ட்சன் அபார்ட்மென்ட்ல ஜம்முனு இருக்கிறவ. ஒரு பல்பு மாத்தக்கூட ஸ்டூல் மேல ஏறினதில்ல!"

மேலே பிரஷ் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக இடித்தது. கரித்தூள் பறந்து வந்து ருக்மிணியின் பட்டுப்புடவையில் இறங்கியது.

"திமிரைப் பாருங்க! இறங்கி வந்து 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. காலைப் பாருங்க, ஆம்பளைக்கு இவ்ளோ சின்னப் பாதமா?"

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு ஓர் இளைஞன் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"வணக்கம் ஆன்ட்டி, வணக்கம் அங்கிள். நான் ஆதர்ஷ். நீங்க பத்து மணிக்குத்தான் வருவீங்கன்னு ரோஷினி சொன்னா..."

ருக்மிணி அவனைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அங்கே அந்த உருவம் தொப்பியையும் கண்ணாடியையும் மாஸ்க்கையும் கழற்றியது. கூந்தல் அவிழ்ந்து விழ, நெற்றியெல்லாம் கரியோடு ரோஷினி நின்றாள்.

ருக்மிணி ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் விடவில்லை.

"அடிப்பாவி, கல்யாணத்துக்கு முன்னாடியே இவர் வீட்டுக்குக் கரி சுரண்ட வந்துட்டியா?"

ரோஷினி ஏணியில் நிதானமாக இறங்கி வந்து கையுறைகளை உருவினாள்.

"வீடு என்னோடதும்மா, ஆதர்ஷுக்கு இன்னும் சாவியே கொடுக்கல."