சோப்ரானோவின் கையெழுத்து

“பேஸ்காரனுகள் எழுதியிருக்க மாட்டானுகள்” என்று சுபாஸ்கரன் மாஸ்டர் முதல் விரலை மடித்தார். “பாட்டுத் தாளில பேர் எழுதச் சொன்னாலே பேனை இல்லையெண்டுவானுகள். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தாத்தான் அவனுகளுக்குக் கண்ணே திறக்கும்.”

கந்தோர் கேற்றடியில் நின்ற காலிதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். கல்விக் கந்தோரில் அவனுக்கு இலிகிதர் வேலை. மாஸ்டரின் பாடகர் குழுவிலிருந்து யாரோ ஒருவர், மாஸ்டரைப் பற்றிப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார் என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தான்.

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே! இடமாற்றப் பட்டியலில் அவருடைய பெயர் தொலைவில், பொத்துவிலுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சங்கீத ஆசிரியராக விழுந்திருந்தது. வேண்டாமென்று மேன்முறையீடு போட்டிருந்தார், வெள்ளிக்கிழமை முடிவு. கல்முனை ஆசிரியர்கள் இருபது பேரைப் பிடித்து, நாலு குரலாகப் பிரித்து, மூன்று வருடம் தொண்டை வற்றக் கத்திப் பழக்கிய குழு. அடுத்த மாதம் கொழும்பில் இறுதிப் போட்டி. இந்த நேரம் பார்த்து அவர்மேல் குறை சொல்லி ஒரு பெட்டிசமா?

“உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு?”

“அல்லாவே, எனக்குத் தெரியா மாஸ்டர். தலைப்பில உங்கட பேரக் கண்டன். பணிப்பாளர் உடனே வாங்கி வெச்சிக்கிட்டார். ஆனா மொட்டைக் கடிதம் இல்ல. கீழ பேரும் கையெழுத்தும் வடிவா இரிக்கி.”

“ஆர்ட பேர்?”

“அதச் செல்ல ஏலா. என்ட வேல போயிரும்.”

சொல்லாவிட்டால் என்ன? ஆளின் குணம் குரலில் இருக்கிறது என்பது மாஸ்டரின் சாஸ்திரம். தடித்த குரல் ஆண்கள், அதாவது பேஸ், சோம்பேறிகள். மெல்லிய குரல் டெனர்கள் பயந்தாங்கொள்ளிகள். மழை இருண்டாலே கழுத்தில் சால்வை சுற்றி, கொத்தமல்லித் தண்ணிப் போத்தலோடு வருவார்கள். அவர்கள் எழுதினால் கையெழுத்து இருக்காது. கீழ்க்குரல் பெண்கள் ஆல்டோ. முகத்துக்கு நேரே “ஓம் சேர்” என்றுவிட்டு, வேனில் ஏறியதும் முணுமுணுப்பார்களே தவிர, கடதாசியில் வைக்கமாட்டார்கள்.

மிச்சம் சோப்ரானோ. உச்சத்தில் பாடுகிற பெண்கள். பாட்டே தங்களுக்காகத்தான் பிறந்தது என்று நினைப்பு. பெட்டிசம் போட்டாலும் கீழே தன் பெயர் இருக்கவேண்டும் என்ற திமிர் அவர்களுக்குத்தான் வரும். அதிலும் கேசினி டீச்சர்! நற்பிட்டிமுனையில் சங்கீதம் படிப்பிப்பவள். போன கிழமை அவளிடமிருந்து தனிப்பாட்டு வரியைப் பறித்திருந்தார். வேறு யார்?

அன்று பின்னேரப் பயிற்சியில் ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தார்.

“கேசினி டீச்சர், பணிப்பாளருக்குக் கடிதம் குடுத்தது நீங்கதானே?”

அவளுடைய முகம் சிவந்துவிட்டது. “ஓம் சேர். உங்களுக்கு ஆர் சொன்ன?”

பார்த்தீர்களா! மாஸ்டருக்குத் தன் சாஸ்திரத்தின் மேல் பெரிய மதிப்பே வந்துவிட்டது. “ஆர் சொன்னா என்ன? நாளைக்குக் காலமைக்கிடையில போய் அத வாபஸ் எடுங்க.”

“சேர், அதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா…”

“ஒரு சொல்லும் கதைக்கப்படா! மூண்டு வருசமாப் பாக்கிறன், உங்கட புத்தி எனக்குத் தெரியும். சோப்ரானோக்காரியளுக்கு மத்தவன்ட தலையில ஏறி நிண்டாத்தான் சுருதி சேரும். எடுக்கிறீங்களா, இல்ல குழுவில இருந்து உங்கட பேர வெட்டவா?”

பேஸ்காரர்கள் ரோல்ஸ் தட்டைப் பார்த்தார்கள். டெனர்கள் சால்வையை இறுக்கினார்கள். ஆல்டோ றாஹிலா டீச்சர் மட்டும் “சேர், புள்ளய ஒரு வார்த்த கதைக்க விடுங்களன்” என்றாள். மாஸ்டர் முறைத்த முறைப்பில் அவளும் “ஓம் சேர்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

கேசினி கைப்பையை எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “நீங்களே வேணாமெண்டா எனக்கென்ன சேர்? எடுத்திருவன்.”

சொன்னபடி எடுத்தும்விட்டாள். காலிதீன் தொலைபேசியில் அறிவித்தபோது மாஸ்டருக்குப் பாரம் இறங்கியது. அன்றிரவு இரண்டு மீன் துண்டு கூடப் போட்டுச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார். பணிப்பாளர் ஷரிபுதீன் கதிரையைக் காட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

“மாஸ்டர், திங்கக்கிழம பொத்துவில் பக்கம் போய் வேலையப் பாரமெடுங்க.”

மாஸ்டர் கதிரை நுனிக்கு வந்தார். “சேர், என்ட மேன்முறையீடு?”

“அங்க சங்கீதத்துக்கு ஆளில்ல. ஒராள் போயே ஆகணும். புதன்கிழம வரைக்கும் நீங்க போகத் தேவல்லாம இரிந்த. இப்ப என்ட கையில ஒண்டுமில்ல.”

“அதெப்படி சேர்? என்னப் பத்தி வந்த பெட்டிசத்தத்தான் வாபஸ் எடுக்க வெச்சிட்டனே!”

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பெட்டிசமா? உங்களுக்குப் பதிலாத் தான் போறன் எண்டுதானே அந்தப் புள்ள எழுதித் தந்த!”