தொண்டை கட்டின ஆம்ப்ளிஃபயர்

"சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்? மொதல்ல அதைச் சொல்லுங்கண்ணா" என்றாள் பானுமதி.

அரூரில் மைக், ஸ்பீக்கர் விற்கும் கடை அது. கடைக்காரர் இன்னாசி வாயைத் திறப்பதற்குள் பூவரசன் குறுக்கிட்டான்.

"தூரம் முக்கியமில்ல பானு. சத்தத்தோட குணம்தான் முக்கியம்."

பூவரசன் பாப்பிரெட்டிப்பட்டியில் கூட்டுறவுச் சங்க கிளார்க். மவுத் ஆர்கன் வாசிப்பான். சினிமாப் பாட்டெல்லாம் கிடையாது, ப்ளூஸ் மட்டும்தான். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்தே பானுமதிக்கு அது ஆகாது. அவன் வாயில் வைத்தாலே, "தலை வலிக்குதுங்க, எங்கயாச்சும் வெளிய போய் ஊதுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள் இன்று காலையில், "ஆம்ப்ளிஃபயர் வேணும், ஆம்ப்ளிஃபயர் வேணும்னு சொல்லிட்டே இருப்பீங்களே, வாங்க, போய் வாங்கிட்டு வந்துடலாம்" என்று தானாகவே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அரூர் வந்து சேரும் வரை பூவரசன் அவளிடம் காரணம் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம்.

"ப்ளூஸ்னா என்ன சார்?" என்றார் இன்னாசி.

"அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேலை செஞ்ச கருப்பின மக்களோட பாட்டுங்க. நெஞ்சுல இருக்கற துக்கத்தையெல்லாம் கொட்டறது."

"அப்போ எழவு வூட்ல வாசிக்கறதுங்களா?"

"இல்லைங்க" என்றான் பூவரசன் பொறுமையாக.

இன்னாசி இடுப்பளவு உயரமுள்ள ஒரு பெட்டியை இழுத்து வைத்தார். "சர்ச்சு, கோயில் எல்லாத்துக்கும் இதைத்தான் குடுக்கறேன். மூச்சு விட்டாக்கூடத் தெளிவா கேக்கும்."

பூவரசன் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கைக்குள் பொத்திப் பிடித்து வாசித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ரொம்பத் தெளிவா இருக்குங்க."

"தெளிவா இருந்தா நல்லதுதானே சார்?"

"எனக்கு ஒடைஞ்சு வரணும். தொண்டை கட்டினவன் அழுவற மாதிரி, கொரகொரன்னு. பெரிய பெட்டியில அது வராதுங்க. சின்ன பெட்டியில சத்தத்தை முழுசா ஏத்தி வச்சாத்தான் வரும்."

இன்னாசி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொரகொரவென்று கேட்கிறது என்று பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவர்கள் உண்டு. அதையே கேட்டு வாங்க வந்தவன் இவன்தான்.

அடுத்த பெட்டியை அவன் ஏற்றியதுமே 'கூ' என்று கடையே அதிர்ந்தது. இன்னாசி காதைப் பொத்திக்கொண்டார். பூவரசன் பதறிப்போய்க் குறைத்தான்.

"ஏங்க கொறைச்சிட்டீங்க? இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றாள் பானுமதி.

பூவரசனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. விவரம் தெரியாவிட்டாலும் ஆசையாகக் கேட்கிறாளே.

கடைசியாக, மேல் அலமாரியிலிருந்து தூசி படிந்த ஒரு சின்னப் பெட்டியை இறக்கினார் இன்னாசி. "கிட்டாருக்குன்னு வந்ததுங்க. கொஞ்சம் ஏத்தினாலே கிழியுதுன்னு யாரும் எடுக்கலை."

பூவரசன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்து, வளைத்து, நடுங்க விட்டான். பெட்டி தொண்டை கிழிந்து அலறியது. கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடியது. அது கண்ணுக்கு மறையும் வரை பானுமதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதாங்க. இதையே எடுத்துக்கலாம்" என்றாள். பிறகு இன்னாசி பக்கம் திரும்பினாள். "அண்ணா, கரண்ட் இல்லாத எடத்துல ஓடுமா?"

"பேட்டரி இருக்குதும்மா."

"விடிய விடிய நிக்குமா?"

"கூட ஒரு பேட்டரி வச்சுக்கிட்டா நிக்கும்."

"பனியில நனைஞ்சா?"

"மேல ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கங்க."

விடிய விடியக் கச்சேரி, திறந்தவெளி மேடை, முன்வரிசையில் பானுமதி. பூவரசனின் மனக்கண்ணில் எல்லாம் ஒவ்வொன்றாக விரிந்தன. கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட அடித்துப் பேசி விலை குறைப்பவள், சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு பேட்டரியும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது பூவரசன் அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தன வருசம் உனக்கு என் வாசிப்பே புடிக்காதுன்னு நெனைச்சிட்டு இருந்தேன் பானு. தப்பு என் மேலதான். இன்னைக்கு சாயந்திரம் வூட்டு மாடியில ஒக்காந்து வாசிக்கறேன். மொதப் பாட்டு உனக்குத்தான்."

பானுமதி பின்னால் ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"மாடியில எதுக்குங்க? வண்டியை நேரா நம்ம குச்சிக்கெழங்குக் காட்டுக்கு விடுங்க. போன வாரம் மோட்டார் ரூம்ல ஒக்காந்து ஊதினீங்கல்ல, அன்னைக்கு ஒரு நாள்தான் காட்டுப்பன்னி ஒண்ணுகூட கெழங்கைத் தோண்ட மலையை விட்டு எறங்கலை. நாளைக்கு எங்கண்ணன் காட்டுக்கும் உங்களை அனுப்பறதா சொல்லியிருக்கேன்."