ஒன்றரையடி எழுத்து

"பேத்தி பிறந்தநாளுக்கு பாய்ஸி நகரம் வரைக்கும் நான்தான் காரை ஓட்டுவேன்" என்றார் லைல்.

"முதல்ல கண் டாக்டரைப் பாரு" என்றாள் மனைவி வெர்னா. "உன் பக்கத்துல உட்கார எனக்கு பயமா இருக்கு."

"என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?"

வெர்னா கைவினைக்கு எழுத்து வெட்டும் மெஷினில், ஸ்டிக்கர் போல ஒட்டும் வினைல் தாளைச் செருகினாள். அதில் ஓரடிக்கு மேல் போகாது. ஒன்றரையடி எழுத்து ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாக வெட்டி எடுத்தாள்.

"எதுக்கு இவ்வளவு பெரிசா? நிலாவுல இருக்கறவன் படிக்கணுமா?"

மறுநாள் காலை, லைல் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். வெர்னா கராஜ் கதவைக் காட்டினாள்.

"ஒட்டிட்டேன். எப்படி இருக்கு?"

"பிரமாதம்! 'பிறந்தநாள் வாழ்த்துகள்'னு தெருக்கோடி வரைக்கும் தெரியும். பேத்திக்கு போட்டோ அனுப்பு."

"அனுப்பியாச்சு. விழுந்து விழுந்து சிரிக்கிறா. நீ இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்காரு."

கதவில் இருந்தது: 'இன்று ஓட்டுவது வெர்னா.'